மேல்நோக்கி ஏறும் மழை

மழை மேலிருந்து கீழே விழும் என்று நம்பித்தான் நாம் வீடு கட்டுகிறோம். மொட்டைமாடிக்கு வாட்டம் கொடுக்கிறோம், இறவாரத்தை நீட்டி விடுகிறோம், ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் போடுகிறோம். அதே வீட்டைச் சுருக்கி, இரண்டு சக்கரத்தின்மேல் ஏற்றி, காரின் பின்னால் மாட்டி, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துப் பாருங்கள். மழை எதிரே வந்து அறையும். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் முகப்பில் மோதும் காற்று அங்கே உண்டாக்கும் அழுத்தம் ஏறத்தாழ 375 பாஸ்கல். இதைத் தண்ணீர்க் கணக்குக்கு மாற்றினால் 38 மில்லிமீட்டர். அதாவது, ஓர் இடுக்கில் தேங்கிய நீரைக் காற்று ஒன்றரை அங்குல உயரத்துக்கு மேலே தள்ளிவிடும். அங்கே நீங்கள் வைத்த தடுப்பு விளிம்பு ஓர் அங்குலம்தான் என்றால், தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே இறங்கும்.

இப்படி ஒரு வண்டியைக் கார்ஷெட்டிலேயே தன் கையால் செய்துகொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் 1930களில் பரவியது. பொருளாதார மந்தம் நீடித்த காலம் அது. ஹோட்டலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களிடமும் ஒரு பழைய கார் இருந்தது, சுத்தியல் பிடிக்கத் தெரிந்த கை இருந்தது, ஊர்சுற்றும் ஆசை இருந்தது. 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' போன்ற மாத இதழ்கள் வரைபடங்களைக் கொடுத்தன. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து, பக்கவாட்டில் பார்க்கக் கண்ணீர்த்துளி மாதிரி இருப்பதால் டியர்ட்ராப் என்று பெயர் வந்தது. (வானத்திலிருந்து விழும் துளி ஒருபோதும் அந்த வடிவத்தில் இருப்பதில்லை. பெரிய மழைத்துளி காற்றின் எதிர்ப்பால் அடிப்பக்கம் தட்டையாகி, பன் ரொட்டி போலத்தான் இறங்குகிறது.) உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், எழுந்து நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. வெளியே தரையில் நின்றுகொண்டுதான் காபி போட வேண்டும்.

பெரும்பாலான டியர்ட்ராப்கள் நான்கடி அகலம், எட்டடி நீளம், நான்கடி உயரம். எந்தப் பொறியாளரும் உட்கார்ந்து கணக்கிட்டு எடுத்த அளவில்லை இது. ஒரு பிளைவுட் பலகையின் அளவு. வண்டியின் வரலாறு பாதிக்குமேல் அந்தப் பலகையின் வரலாறுதான்.

1905இல் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் நடந்த பெரும் கண்காட்சிக்கு, உள்ளூர் மரத் தொழிற்சாலை ஒன்று டக்ளஸ் ஃபர் மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் காட்சிக்கு வைத்தது. கதவு செய்பவர்கள் வாங்கினார்கள். பிறகு கார் செய்பவர்களும் வாங்கினார்கள். அன்றைய கார்களில் ஏறுவதற்கு வைத்த படிக்கட்டுப் பலகை பிளைவுட்தான். மழை பட்டதும் சிக்கல் தொடங்கியது. மரம் தாங்கியது, பசை கரைந்தது, ஏடுகள் உப்பிப் பிரிந்தன. கார் நிறுவனங்கள் பலகையைக் கைவிட்டு இரும்புத் தகட்டுக்குப் போயின. 1934இல் வாஷிங்டன் மாநிலத்து அபெர்டீன் ஊரில், ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜேம்ஸ் நெவின், நீரில் கரையாத பசையை உருவாக்கினார். பிளைவுட் மழையில் நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இன்று வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பிளைவுட்டை ஒட்டுவது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு என்ற பிசின். நம் ஊர்க் கடைகளில் மரைன் பிளை என்று கேட்டு வாங்கும் பலகைக்கு ஐஎஸ் 710 என்று தரக்குறியீடு உண்டு. அதன் துண்டுகளை 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டு வேகவைத்துச் சோதிக்கிறார்கள். அப்போதும் ஏடு பிரியக் கூடாது.

ஆக, பசைக் கவலை தீர்ந்தது. மரத்தின் கவலை தீரவில்லை. கொதிநீர்ச் சோதனையில் தேறிய பலகையும் மக்கும். பசை பிரியாமல் இருக்க, நடுவிலுள்ள மர ஏடு மட்டும் பஞ்சு பஞ்சாக உதிர்ந்துபோன பலகைகளைப் பார்க்கலாம். 'வாட்டர் புரூஃப்' என்ற முத்திரையை நம்பிப் பெயின்ட் அடிக்காமல் விட்டவர்கள் இதை இரண்டே மழைக்காலத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

மரம் ஏன் இப்படித் தண்ணீரைத் தேடுகிறது? அதன் செல்சுவரின் முக்கியப் பொருள் செல்லுலோஸ். செல்லுலோஸ் சங்கிலியின் நெடுகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காற்றில் மிதக்கும் நீராவியின் மூலக்கூறு பக்கத்தில் வந்தால் பிடித்துக்கொள்ளும். மழையே பெய்ய வேண்டாம், ஈரக்காற்று போதும். அறைவெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால், மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 12 சதவீதம் நீரைச் சுமந்துகொண்டிருக்கும். ஈரப்பதம் 90 சதவீதமானால் அது 20க்கு ஏறும். செல்சுவருக்குள் நுழைந்த நீர் இழைகளை விலக்குகிறது, மரம் பருக்கிறது. ஆடி மாதத்தில் எளிதாகச் சாத்திய கதவு ஐப்பசியில் நிலையில் இடிக்கிறதே, அது இதனால்தான்.

இந்தப் பருத்தல் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் அசைவு மிகமிகக் குறைவு. நாருக்குக் குறுக்கே நிறைய. டக்ளஸ் ஃபர் பலகை ஒன்றின் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு ஏறினால், ஓரடி அகலத்தில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். பிளைவுட்டின் மேதைமை இங்கேதான். ஒரு ஏட்டின் நார் நெடுக்கில் ஓட, அடுத்த ஏட்டின் நார் குறுக்கில் ஓடுகிறது. ஒன்று விரியப் பார்த்தால் அடுத்தது விடாமல் பிடித்துக்கொள்கிறது. முழுப்பலகையின் அசைவு, தனி மரத்தின் அசைவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வளைந்த கூரைக்கும் நீண்ட சுவருக்கும் இடையே விரிசல் விழாமல் ஒரு பெட்டி செய்ய முடிவது இதனால்தான்.

ஆனால் பிளைவுட்டுக்கு ஒரு பலவீனமான இடம் உண்டு: அறுத்த விளிம்பு. மரம் என்பது கோடிக்கணக்கான நுண்குழாய்களை ஒன்றாய்க் கட்டிய கட்டு. ஊசியிலை மரத்தின் ஒரு செல் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளம், 30 மைக்ரான் அகலம், தலைமுடியில் பாதிக்கும் குறைவு. அதே அகலமுள்ள கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் நீர் தானாகவே ஒரு மீட்டர் உயரம் ஏறி நிற்கும். பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதும் இந்த விசையால்தான். பலகையின் முகத்தில் விழும் நீர் குழாய்களின் பக்கச்சுவரைத்தான் தொடுகிறது. வெட்டுமுகத்தில் விழும் நீருக்கோ குழாய்களின் வாய் திறந்து கிடக்கிறது. பிளைவுட்டின் நான்கு விளிம்பும் பாதிக்குப் பாதி வெட்டுமுகம்தான். கதவுக்காகவும் ஜன்னலுக்காகவும் அறுத்த ஒவ்வொரு துளையின் சுற்றளவும் அப்படியே. அனுபவசாலிகள் முகத்துக்கு இரண்டு பூச்சு பூசினால் விளிம்புக்கு நான்கு பூசுகிறார்கள். இனிக் குடிக்க மாட்டேன் என்று மரமே மறுக்கும்வரை பூச வேண்டும் என்பார்கள்.

திருகாணித் துளையும் ஒரு வெட்டுமுகம்தான், பலரும் மறந்துபோகும் வெட்டுமுகம். இரும்பு மரத்தைவிடச் சீக்கிரம் குளிர்கிறது. விடியற்காலையில் அதன் தண்டில் பனி முத்துக் கோக்கிறது. அந்தச் சொட்டு நேராக மரத்தின் நடுவே இறங்குகிறது. பழைய வண்டிகளைப் பிரித்துப் பார்த்தால் மக்கல் திருகாணியைச் சுற்றி வட்டவட்டமாகத் தொடங்கியிருப்பது தெரியும். இதற்குப் படகு செய்பவர்கள் கண்ட வழி அழகானது. தேவையைவிடப் பெரிய துளையாகப் போட்டு, அதை எபாக்சி என்ற பிசினால் நிரப்பி, இறுகியபின் அந்த எபாக்சிக்குள் சின்னத் துளை போட்டுத் திருகாணியை முடுக்குகிறார்கள். திருகாணி மரத்தைத் தொடுவதே இல்லை.

மரமும் எபாக்சியும் சேர்ந்த இந்தக் கலையை வளர்த்தவர்களில் மிச்சிகன் மாநிலத்து பே சிட்டியின் கூஜன் சகோதரர்கள் முக்கியமானவர்கள். 1960களின் இறுதியில் உறைந்த ஏரியின்மேல் ஓடும் பாய்ச்சறுக்குப் படகுகளைச் செய்துகொண்டிருந்தவர்கள், மரத்தின் ஒவ்வொரு முகத்தையும் பிசினால் மூடிவிட்டால் அது ஈரத்தை விட்டுத் தள்ளி நிற்கும் என்று கண்டு, அதற்கேற்ற பிசினை விற்கவும் தொடங்கினார்கள். பூசுவதில் ஒரு நுட்பம் உண்டு. காலையில், வெயில் ஏற ஏறப் பூசினால், மரத்துக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து பூச்சுக்குள் குமிழி குமிழியாக வெளிவரும். ஒவ்வொரு குமிழியும் ஒரு ஓட்டை. மாலையில், மரம் குளிரத் தொடங்கியபின் பூசினால், உள்ளே காற்று சுருங்கும். மரம் மூச்சை உள்ளிழுத்துப் பிசினைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். ஒரே பலகை, ஒரே டப்பா, ஆறு மணி நேர வித்தியாசம். எனக்குத் தெரிந்தவரை பௌதிகப் பாடத்தில் வாயு விதியை இதைவிட நேராக விளக்கும் செய்முறை இல்லை.

எபாக்சியும் வெயிலில் நிற்காது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகிச் சுண்ணாம்பு போல உதிரும். மேலே பெயின்டோ வார்னிஷோ கட்டாயம். செலவு தாங்காதவர்களுக்கு இன்னொரு பழைய வழி இருக்கிறது. பருத்திக் கித்தானை மரப்பசையில் நனைத்துப் பலகைமேல் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதன்மேல் வெளிச்சுவர்ப் பெயின்டைப் பலமுறை அடிப்பார்கள். 'ஏழையின் ஃபைபர்கிளாஸ்' என்று செல்லப்பெயர். மெய்ன் மாநிலத்து ஓடக்காரர்கள் நூறு ஆண்டுக்கு முன்னரே மெல்லிய மரப்பலகைகளின்மேல் கித்தானைப் போர்த்தி ஓடம் செய்தவர்கள், இது அந்தக் குடும்பத்துப் பிள்ளை. வெறும் ஆளி எண்ணெய் தேய்த்துவிட்டு மரத்தைக் காத்துவிட்டதாக நினைப்பது வீண். விஸ்கான்சினில் உள்ள அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம் பூச்சுகளை ஈரக்காற்றில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. உருகிய மெழுகும் எபாக்சியும் முன்வரிசையில் நின்றன. ஆளி எண்ணெய் ஏறக்குறைய பூசாத மரத்தோடு சேர்ந்து நின்றது.

இனி சாலைக்குத் திரும்பலாம். முகப்பில் 375 பாஸ்கல் தள்ளுகிறது என்றேன். பின்பக்கத்தில் நிலைமை நேரெதிர். ஓடும் வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, அங்கே காற்று சுழன்று வண்டியையே உறிஞ்சுகிறது. டயர் கிளப்பும் சேற்றுநீரும் புழுதியும் அந்தச் சுழலில் ஏறி, சமையல் மூடியின் இடுக்கைத் தேடி வருகின்றன. டியர்ட்ராப் செய்த யாரைக் கேட்டாலும் ஒழுகல் எங்கே என்றால் பின்மூடியைத்தான் காட்டுவார்கள். வளைத்துச் செய்த மூடி சில மாதத்தில் தன் வளைவைக் கொஞ்சம் இழந்து நிமிரும். ஒரு மூலையில் இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் ரப்பர் பீடிங் அழுந்தாது. அதனால் தேர்ந்தவர்கள் ரப்பரை முதல் காவலாக வைப்பதில்லை. மூடியின் ஓரம் முழுவதும் ஒரு வாய்க்காலை ஓடவிட்டு, தப்பி வரும் நீரைப் பிடித்து இரண்டு பக்கமும் தரையில் கொட்டச் செய்கிறார்கள். உள்ளே வரத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டு, வந்தால் போக வழி செய்கிறார்கள். இந்த ஒப்புதல்தான் நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் உள்ள வித்தியாசம் என்பது என் தீர்ப்பு.

நம் கொத்தனார் சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி, கயிற்றுக் கனத்தில் ஒரு காடி போடுவார். விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே சுவரை நோக்கி ஊரும் நீர்ப்படலம் அந்தக் காடியில் பிடி இழந்து சொட்டிவிடும். டியர்ட்ராப்பின் கதவு நிலைக்கு அடியிலும் இதே காடியைப் போடுகிறார்கள். ஊர் எதுவானாலும் தண்ணீரின் குணம் ஒன்றுதானே.

வெளிநீரைப் பற்றி இவ்வளவு சொன்னபின் உள்நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் கால் லிட்டருக்கு மேல் நீராவியை வெளிவிடுகிறார். இரண்டு பேர் என்றால் அரை லிட்டர், ஒரு சொம்பு. டியர்ட்ராப்பின் படுக்கையறைக் கொள்ளளவு சுமார் மூன்று கனமீட்டர். 20 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று அதிகபட்சம் 50 கிராம் நீராவியைத்தான் தாங்கும், அதில் பாதி ஏற்கெனவே இருக்கும். கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்தினால் அரை மணி நேரத்துக்குள் காற்று நிறைந்துவிடும். வெளியே ஐந்து டிகிரி குளிர் என்றால், உள்சுவர் வியர்க்கத் தொடங்கும். காலையில் மெத்தை அடி நனைந்திருப்பதைப் பார்த்துக் கூரை ஒழுகுகிறது என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் சீலன்ட் அப்புகிறவர்கள் உண்டு. அப்பிய ஒவ்வொரு பிதுக்கலும் உள்ளே நிற்கும் ஈரத்தை இன்னும் பத்திரமாகப் பூட்டி வைக்கிறது.

இப்படி இறுக்கிச் சாத்துவதில் மரத்தின் ஆயுளைவிடப் பெரிய விஷயமும் இருக்கிறது. இறுக மூடிய மூன்று கனமீட்டருக்குள் இருவரின் மூச்சிலிருந்து கரியமில வாயு மணிக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வீதம் சேரும். தலைவலியில் தொடங்கி உயிராபத்து வரை போகக்கூடியது. காற்றுப்போக்கி இல்லாத பெட்டியில் ஒரு இரவும் தூங்கக் கூடாது. உள்ளே அடுப்போ கணப்போ எரிக்கவே கூடாது.

மரத்தை அழிப்பது எது என்று கேட்டால் எல்லோரும் தண்ணீர் என்பார்கள். முழுவிடை அதுவன்று. கீஸாவின் பெரிய பிரமிடுக்குப் பக்கத்தில் 1954இல் கண்டெடுத்த கூஃபு மன்னனின் தேவதாரு மரக் கப்பல், 43 மீட்டர் நீளம், சுமார் 4500 ஆண்டு வயது. குழிக்குள் வறண்டு கிடந்ததால் மக்கவில்லை. ஸ்வீடனின் வாசா போர்க்கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 333 ஆண்டு தண்ணீருக்கடியில் கிடந்து, 1961இல் கிட்டத்தட்ட முழு உருவில் மேலே வந்தது. அங்கே நீர் இருந்தது, பூஞ்சைக்கு வேண்டிய ஆக்சிஜன் இல்லை. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவும் பால்டிக்கின் உப்புக்குறைந்த நீரில் வாழாது. நம் கிணறுகளின் அடியில் நீருக்குள் மக்காமல் கிடக்கும் நெல்லிக்கட்டையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மரத்தைத் தின்பது பூஞ்சை. அதன் வித்து எல்லாக் காற்றிலும் மிதக்கிறது, எந்தப் பட்டறையாலும் விலக்க முடியாது. முளைக்க அதற்கு நீரும் காற்றும் மிதமான வெப்பமும் ஒன்றாக வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை வித்து சும்மா கிடக்கும். செல்சுவர் நிறைந்து, 30 சதவீதத்தைத் தாண்டிக் குழாய்க்குள்ளும் நீர் நிற்கத் தொடங்கும்போது விருந்து தொடங்குகிறது. நனைந்து நாலு மணி நேரத்தில் காய்ந்துவிடும் பலகைக்கு ஒன்றும் ஆகாது. நனைந்து, அலுமினியத் தகட்டுக்கும் ஃபோம் அட்டைக்கும் நடுவே மாதக்கணக்கில் காயாமல் இருக்கும் பலகைதான் போகிறது.

அந்தத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரச்சட்டத்தின்மேல் அலுமினியம் போர்த்தும் வழக்கம் டியர்ட்ராப்புக்கு மிகப் பழையது, கண்ணுக்கும் அழகு. ஆனால் அலுமினியம் வெயிலுக்கு விரியும், மரம் ஈரத்துக்கு விரியும். காலைக்கும் உச்சிவெயிலுக்கும் தகட்டின் சூடு 40 டிகிரி ஏறினால் எட்டடித் தகடு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அடியிலிருக்கும் மரம் அசையாது. இரண்டையும் இறுக ஒட்டினால் தகடு அலையலையாகப் புடைக்கும், அல்லது திருகாணித் துளை நீண்டு வாய் பிளக்கும். ஓரத்தில் மட்டும் சட்டம் வைத்துப் பிடித்து, நடுவே தகட்டைத் தன் போக்கில் விட வேண்டும். ஓரத்துக்கு வைப்பதும் இறுகிப்போகாத ப்யூட்டைல் நாடாவாக இருப்பது நல்லது. சிலிகானை ஒருமுறை பூசிவிட்டால் பிற்பாடு பெயின்டோ வேறு பசையோ அந்த இடத்தில் ஒட்டுவதில்லை.

நம் கடற்கரையில் கட்டுமரம் கட்டியவர்கள் பூச்சை நம்பி இருந்ததில்லை. இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குள் போவார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் இழுத்துப்போட்டுக் காயவிடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்த மரம் அடுத்த நாள் சரியாக மிதக்காது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவிழ்ப்பதும் காயவைப்பதும் மீன்பிடித் தொழிலில் ஒரு பகுதியாகவே இருந்தது.

கார்ஷெட்டில் வண்டி செய்கிறவர் செய்ய வேண்டியதும் அதுதான். பயணம் முடிந்ததும் மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள். பின்மூடியை ஒரு சாண் திறந்து வையுங்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தங்கிய நீர் வடியும்படி வாட்டமாக நிறுத்துங்கள். ஆண்டுக்கு இருமுறை கூர்மையான ஊசியால் கதவடி மூலைகளையும் திருகாணிகளைச் சுற்றியும் குத்திப் பாருங்கள். ஊசி நுனி இறங்காவிட்டால் மரம் நலம். குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைக்கிறீர்கள் என்றால், பிளாஸ்டிக் தார்ப்பாயால் மட்டும் சுற்றிக் கட்டிவிடாதீர்கள். மேலே தகரக் கூரை ஒன்று, நான்கு பக்கமும் காற்று, அது போதும்.